குறுஞ்செய்திப் பணமும் ஏழையின் ஐயாயிரமும்

பாங்குக் கிளை இல்லாத ஊர்களுக்குக் குறுஞ்செய்தி வாயிலாகப் பணம் அனுப்பும் முறை பெரிய வசதி என்பதில் ஐயமில்லை. எனினும் அச்செய்தி செல்லும் வழியைச் சிறிது கவனித்தல் வேண்டும். இரண்டாம் தலைமுறைக் கைப்பேசிக்கும் கோபுரத்துக்கும் இடையே மட்டுமே அது சங்கேதமாகச் செல்கிறது. 1980-களில் வகுக்கப்பட்ட அச்சங்கேதத்தை உடைக்கும் அட்டவணைகள் 2009-இலேயே வெளியாகிவிட்டன. அனுப்பிய கருவியிலோ, இரகசிய எண்ணுடன் செய்தி அப்படியே தங்கிவிடுகிறது. கருவியை இரவல் வாங்குபவர் எவரும் படிக்கலாம். நம் நாட்டின் *99# சேவையில் செய்தி அவ்வாறு தங்குவதில்லை. ஆயினும் முழுவழிச் சங்கேதம் அதிலும் இல்லை.

ரிசர்வ் பாங்கு இதனை அறியாததன்று. முழுவழிச் சங்கேதமில்லாத பரிமாற்றத்துக்கு 2009-இல் 1,000 ரூபாயும், 2011-இல் 5,000 ரூபாயும் உச்சவரம்பாக விதித்தது. நஷ்டம் சிறிதாக இருக்கட்டும் என்பது கருத்து. யாருக்குச் சிறிது? பாங்கின் பேரேட்டில் 5,000 ரூபாய் கண்ணுக்கே தெரியாது. கூலி வேலை செய்பவருக்கோ அது பல நாள் உழைப்பு.

கென்யாவில் 2007-இல் தோன்றிய எம்-பெசா வேறு வழியைக் கையாண்டது. இரகசிய எண் ஸிம் அட்டைக்குள்ளேயே சங்கேதமாக்கப்பட்டு வெளிவருகிறது. மலிவான கருவியே அதற்குப் போதும். பிறர் பெயரில் மாற்று ஸிம் பெற்றுக் கணக்கைக் கவரும் வஞ்சகம் அங்கும் உண்டு. அது கணிதத்தின் குறையன்று. அட்டை வழங்குமிடத்தில் ஆளைச் சரிபார்ப்பதிலுள்ள குறை.

இங்கோ, எண்ணைப் பிறரிடம் கூறாதீர் என்று சுவரொட்டி ஒட்டுவதோடு நிற்கிறோம். சங்கேத வசதியுள்ள அட்டைகளை வழங்கலாம். கிளை திறக்கும் செலவை இச்சேவையால் மிச்சப்படுத்தும் பாங்குகளே அச்செலவை ஏற்பது நியாயம்.