‘எல்லாமே இதுல இருக்கு!’: கமோடோர் சிடிடிவி தோற்றது யாருடைய தவறு?

சந்தையில் தோற்றுப்போன ஒவ்வொரு மின்னணுக் கருவிக்கும் அதன் ரசிகர்கள் ஒரு ஆறுதல் வாசகம் வைத்திருப்பார்கள். ‘அது காலத்துக்கு முந்தி வந்த பொருள்ங்க, மக்களுக்குத்தான் புரியல’ என்பார்கள். 1991-ல் கடைக்கு வந்து 1993-லேயே நிறுத்தப்பட்ட கமோடோர் சிடிடிவி பற்றியும் இன்றுவரை இதையேதான் சொல்கிறார்கள். இதில் பாதி உண்மை. மீதிப் பாதி, தயாரித்தவர்களின் குழப்பத்தை வாங்காதவர்களின் தலையில் கட்டுகிற வேலை.

அது என்ன சிடிடிவி?

கமோடோர், 1980-களில் வீட்டுக் கணினி உலகில் கொடிகட்டிப் பறந்த அமெரிக்க நிறுவனம். 1982-ல் அது கொண்டுவந்த ‘கமோடோர் 64’ உலகிலேயே மிக அதிகம் விற்ற கணினி மாடல்களில் ஒன்று. 1985-ல் வந்த ‘அமிகா’ வரிசை, படம், ஒலி, விளையாட்டு மூன்றிலும் அன்றைய அலுவலகக் கணினிகளைவிடப் பல படி மேலே நின்றது.

அந்த அமிகாவைத்தான் வீட்டு வரவேற்பறைக்குக் கொண்டுபோக கமோடோர் ஆசைப்பட்டது. அமிகா 500 கணினியின் உள்பாகங்களை எடுத்து, அதனுடன் ஒரு சிடி டிரைவைச் சேர்த்து, கறுப்பு நிறப் பெட்டிக்குள் வைத்தது. பார்ப்பதற்கு அன்றைய ஸ்டீரியோ செட் போலவே இருக்கும். கையில் ரிமோட். கீபோர்டு, மவுஸ், ஃப்ளாப்பி டிரைவ் எதுவும் கூட வராது. வேண்டுமென்றால் தனியாக வாங்கிக்கொள்ளலாம். டிஸ்க்கை அப்படியே செருகவும் முடியாது, ‘கேடி’ எனும் பிளாஸ்டிக் உறைக்குள் வைத்துத்தான் தள்ள வேண்டும்.

இந்தத் திட்டத்தை முன்னெடுக்க, அடாரி நிறுவனத்தைத் தொடங்கிய நோலன் புஷ்நெல்லையே அழைத்து வந்தார்கள். வீடியோ கேம் தொழிலின் முன்னோடிகளில் ஒருவர் அவர். 1990-ல் அறிமுகம், 1991-ல் விற்பனை. அமெரிக்காவில் விலை 999 டாலர்.

சிடி மேல் அப்படி என்ன மோகம்?

இதைப் புரிந்துகொள்ள ஒரு சின்னக் கணக்கு போதும். அமிகாவின் ஒரு ஃப்ளாப்பியில் 880 கே.பி. தகவல் கொள்ளும். ஒரு சிடியில் ஏறத்தாழ 650 எம்.பி. கொள்ளும். அதாவது 700 ஃப்ளாப்பிகளுக்கு மேல் ஒரே தட்டில்! பல தொகுதிகளாக அலமாரியை அடைத்திருந்த கலைக்களஞ்சியத்தை, படமும் ஒலியும் சேர்த்து, ஒரு டிஸ்க்கில் கொடுத்துவிடலாம். சிடிடிவிக்கு க்ரோலியர் கலைக்களஞ்சியம், உலக வரைபடத் தொகுப்பு, ‘லெம்மிங்ஸ்’, ‘சிம்சிட்டி’ போன்ற விளையாட்டுகள் எல்லாம் வந்தன. பாட்டு சிடியும் கேட்கலாம். கேட்டால் யாருக்குத்தான் ஆசை வராது?

ஆனால் இடம் பெரிதாக இருந்ததே தவிர, வேகம் இல்லை. ஒற்றை வேக சிடி டிரைவ் நொடிக்கு 150 கே.பி.தான் படிக்கும். சிடிடிவியின் 1 எம்.பி. நினைவகத்தை ஒருமுறை நிரப்பவே ஏழு நொடி ஆகும். திரை முழுக்க ஓடும் வீடியோ அதில் சாத்தியமில்லை. சின்ன சன்னலுக்குள் வெட்டி வெட்டி ஓடும் காட்சிதான் கிடைத்தது. பெயரில் ‘டிவி’ இருந்தும் அதில் படம் பார்க்க முடியாது. ‘காலத்துக்கு முந்தியது’ என்ற வாதத்தின் நியாயமான பகுதி இதுதான்.

அப்புறம் ஏன் தோற்றது?

தொழில்நுட்பம் மட்டும்தான் பிரச்சினை என்றால், ஏற்கெனவே அமிகா வைத்திருந்தவர்களாவது வாங்கியிருக்க வேண்டும். அவர்களும் வாங்கவில்லை. ஏனென்றால் கமோடோர், தன் கையில் இருந்த மிகப் பெரிய சொத்தை மறைத்துவிட்டது. ‘அமிகா’ என்ற பெயரை சிடிடிவியின் விளம்பரத்தில் முன்னிறுத்தவே இல்லை. ‘இது கணினி என்று சொன்னால் வீட்டில் இருப்பவர்கள் பயப்படுவார்கள்’ என்பது கணக்கு. விளைவு? கணினி தேடுபவருக்கு இதில் கீபோர்டு இல்லை. விளையாட்டு தேடுபவருக்கு அதே 1991-ல் சூப்பர் நின்டெண்டோ அமெரிக்காவில் 199 டாலருக்கு வந்துவிட்டது. பாட்டு கேட்பவருக்கு சாதாரண சிடி பிளேயரே போதும். இவர்களில் யாருக்காக 999 டாலர்?

விவரம் தெரிந்த அமிகாக்காரர்களுக்கு இன்னொரு கேள்வியும் இருந்தது: ‘உள்ளே இருப்பது என் வீட்டு மெஷின்தானே, அதுக்கு ஒரு சிடி டிரைவ் மட்டும் கொடுத்தா ஆகாதா?’ கமோடோரே 1992-ல் அமிகா 500-உடன் இணைக்கும் ஏ570 என்ற சிடி டிரைவை விற்றது. அதில் சிடிடிவி டிஸ்க்குகள் ஓடின. தன் பொருளுக்குத் தானே போட்டி வைத்தது போல ஆயிற்று.

ஒரு கருவியை வாங்குபவர் மனதில் ஒரே ஒரு கேள்விதான் ஓடும். ‘இதை வீட்டுக்குக் கொண்டுபோய், இன்னிக்கு ராத்திரி நான் என்ன பண்ணுவேன்?’ சிடிடிவி இதற்குப் பத்து பதில் வைத்திருந்தது. எதுவுமே ஆயிரம் டாலர் பெறுகிற பதிலாக இல்லை. என் பார்வையில் அது தோற்ற இடம் இதுதான். மக்களுக்குப் புரியாமல் போகவில்லை. நன்றாகப் புரிந்ததால்தான் வாங்கவில்லை.

மற்றவர்கள் என்ன செய்தார்கள்?

கமோடோர் மட்டும் இந்தக் குழியில் விழவில்லை. பிலிப்ஸ் நிறுவனத்தின் சிடி-ஐ அதே 1991-ல் அமெரிக்கச் சந்தைக்கு வந்தது. அதே கனவு, அதே குழப்பம். தொடக்க கால சிடி-ஐ கருவிகளில் திரை முழுக்கப் படம் பார்க்க, தனியாக ஒரு கார்ட்ரிட்ஜ் வாங்க வேண்டும். 1993-ல் 699 டாலருக்கு வந்த 3டிஓவும் நீண்ட நாள் நிற்கவில்லை.

ஜெயித்தது யார்? 1994 டிசம்பரில் ஜப்பானில் வெளியான சோனி பிளேஸ்டேஷன். அதுவும் சிடிதான், அதுவும் டிவியில் மாட்டுவதுதான். ஆனால் அது தன்னை ‘கேம் மெஷின்’ என்றுதான் சொல்லிக்கொண்டது. பாட்டு சிடியும் ஓடும் என்பது கொசுறு. 2000-ல் வந்த பிளேஸ்டேஷன் 2, டிவிடி படங்களையும் ஓட்டியது. உலகம் முழுக்க 15 கோடிக்கு மேல் விற்றது. வரவேற்பறையில் ஒரே பெட்டி என்ற சிடிடிவியின் கனவு கடைசியில் நிறைவேறத்தான் செய்தது. முதலில் ஒரு வேலையை உருப்படியாகச் செய்து, அப்புறம் மற்றதைச் சேர்த்தார்கள்.

நம் ஊர் அனுபவமும் இதைத்தான் சொல்கிறது. தமிழ்நாட்டு வீடுகளில் டிவியோடு சிடி சேர்ந்தது 1990-களின் பிற்பகுதியிலும் அதற்குப் பிறகும், விசிடி பிளேயர் வழியாக. ‘மல்டிமீடியா’ என்ற சொல்லை யாரும் யாருக்கும் விளக்கவில்லை. வாடகைக்கு டிஸ்க் எடுத்தால் படம் பார்க்கலாம். அவ்வளவுதான், வீட்டுக்கு வீடு வந்துவிட்டது.

இது இன்றைக்கு ஏன் முக்கியம்?

சிடிடிவி 1993-ல் நின்றது. அதே ஆண்டு சிடி32 என்ற இன்னொரு கேம் கருவியை கமோடோர் இறக்கிப் பார்த்தது. 1994 ஏப்ரலில் நிறுவனமே திவாலானது. நிறுவனத்தின் கதை அங்கே முடிந்தது. ஆயிரம் டாலர் கொடுத்தவர் கையில் புது டிஸ்க் வராத ஒரு கறுப்புப் பெட்டி மிஞ்சியது. இந்த மாதிரிச் சோதனைகளுக்கு முதல் ஆளாகப் பணம் கட்டுபவர் எப்போதும் வாடிக்கையாளர்தான்.

2024-ல் ஹ்யூமேன் என்ற அமெரிக்க நிறுவனம், சட்டையில் குத்திக்கொள்ளும் ‘ஏஐ பின்’ கருவியை 699 டாலருக்கு விற்றது. போனைக் கையில் எடுக்கவே வேண்டாம், எல்லாம் இதிலேயே நடக்கும் என்றது. போன் செய்யாத எதை இது செய்யும் என்பதற்குத் தெளிவான பதில் இல்லை. 2025 பிப்ரவரியில் சேவை நிறுத்தப்பட்டது. அதோடு கருவியும் பெரும்பாலும் செயலிழந்தது.

ஒரு விஷயத்தில் 1991-ன் வாடிக்கையாளர் கொடுத்துவைத்தவர். நிறுவனம் போனாலும், அவர் வாங்கிய டிஸ்க் அவருடையது. பழுதாகாத சிடிடிவியில் ‘லெம்மிங்ஸ்’ இன்றும் ஓடும். இன்றைய கருவிகளுக்கு உயிர் எங்கோ ஒரு சர்வரில் இருக்கிறது. அதை அணைத்தால் இங்கே நம் கையில் இருப்பதும் அணைந்துவிடும்.

அதனால், அடுத்த முறை ‘எல்லாமே இதுல இருக்கு’ என்று ஒரு கருவியை யாராவது நீட்டினால், இரண்டு கேள்வி கேளுங்கள். ‘நான் தினமும் செய்கிற எந்த ஒரு வேலையை இது இப்போது இருப்பதைவிட நன்றாகச் செய்யும்?’ ‘நாளைக்கு நீங்கள் கடையை மூடினால், என் கையில் என்ன மிஞ்சும்?’ இரண்டுக்கும் நேரான பதில் வரும்வரை காசை எடுக்காதீர்கள். எதிர்காலம் என்கிறார்களே, அது நிஜமாக வந்த பிறகு வாங்கிக்கொள்ளலாம். அப்போது விலையும் குறைந்திருக்கும்.