வாக்குவம் கிளீனரும் குக்கர் விசிலும்

வாக்குவம் கிளீனர் போன்ற அன்றாடச் சத்தங்களைக் கேட்டால் உங்கள் குழந்தை மிரள்கிறதா? ஆட்டிசம் இருக்கக்கூடுமா என்று முன்கூட்டியே கண்டறிய உலகம் முழுக்கப் பயன்படும் ‘எம்-சாட்’ பட்டியலின் 20 கேள்விகளில் இது ஒன்று. புதுச்சேரியின் முத்தியால்பேட்டையிலும் அரியாங்குப்பத்திலும் எத்தனை வீட்டில் வாக்குவம் கிளீனர் இருக்கிறது? அங்கே மிக்ஸி ஓடும், குக்கர் விசில் அடிக்கும். மாசி மகத்துக்கு வைத்திக்குப்பம் கடற்கரைக்குச் சாமிகள் வரும்போது மேளமும் வெடியும் தெருவையே அதிர வைக்கும். அந்தச் சத்தத்துக்கு அழாத பிள்ளை உண்டா என்று தாய் திருப்பிக் கேட்டால், கேள்வித் தாளும் கையுமாக நிற்பவரிடம் பதில் இருக்காது.

அமெரிக்காவில் டயானா ராபின்ஸ், டெபோரா ஃபைன் உள்ளிட்டோர் 2001-ல் வெளியிட்ட பட்டியல் இது. 16 மாதம் முதல் 30 மாதம் வரையுள்ள குழந்தைகளுக்கானது. திருத்திய வடிவத்தில் 20 கேள்விகள், ‘ஆமாம்’ அல்லது ‘இல்லை’ என்ற பதில்கள், அவ்வளவுதான். ஐந்து நிமிடத்தில் முடிந்துவிடும். அதன் கவர்ச்சியும் ஆபத்தும் அந்த ஐந்து நிமிடத்தில்தான்.

இன்னொரு கேள்வி: குழந்தைக்குக் காது கேட்கவில்லையோ என்று எப்போதாவது சந்தேகப்பட்டதுண்டா? பக்கத்தில் மாமியார் உட்கார்ந்திருக்கும்போது எந்த மருமகள் இதற்கு ‘ஆமாம்’ என்பாள்? பிள்ளையைப் பற்றி அபசகுனமாகப் பேசக் கூடாது என்பது வீட்டுச் சட்டம். “அவங்க அப்பாவும் மூணு வயசுலதான் பேசினாராம்” என்று பாட்டியே முடித்துவைத்துவிடுவார். கேட்க வந்தவர் ‘இல்லை’ என்ற கட்டத்தில் டிக் அடித்துவிட்டுப் போவார். வேண்டியதை ஆள்காட்டி விரலால் சுட்டிக் காட்டுகிறதா என்பதற்கும் இதே கதிதான். சுட்டுவதற்குள் பாலும் பிஸ்கட்டும் வாய்க்கு வந்துவிடுகிற கூட்டுக் குடும்பத்தில், சுட்டத் தெரியாத பிள்ளையையும் சுட்டத் தேவைப்படாத பிள்ளையையும் ‘ஆமாம், இல்லை’ பிரித்துக் காட்டாது.

பெற்றோரின் பார்வை ஊருக்கு ஊர் மாறும் என்பது வெறும் ஊகமல்ல. இந்தியக் குடும்பங்களை ஆராய்ந்து 2004-ல் எழுதிய ஆய்வாளர் தமாரா டேலி, இங்குள்ள பெற்றோர் முதலில் கவனிப்பது பேச்சுத் தாமதத்தை அல்ல, பிள்ளை யாரோடும் ஒட்டாமல் இருப்பதைத்தான் என்று கண்டார். அதையும் அமெரிக்கப் பெற்றோரைவிட ஆறு முதல் பத்து மாதம் தாமதமாகக் கவனித்தார்கள்.

இலங்கைக்கு இதில் சொந்த அனுபவமே உண்டு. மருத்துவர் ஹேமமாலி பெரேரா குழுவினர் எம்-சாட்டைச் சிங்களத்தில் பெயர்த்து ஒன்றரை முதல் இரண்டு வயதுப் பிள்ளைகளிடம் சோதித்தார்கள். 2009-ல் வந்த முடிவுப்படி 93 பிள்ளைகளில் ஒருவருக்கு ஆட்டிசம் இருந்தது. ஆனால், அப்படிப்பட்டவர்களில் கால்பங்கினரைத்தான் அந்தத் தாள் பிடித்தது. மொழிபெயர்ப்பு மோசம் என்று பெரேரா கையைக் கழுவிவிடவில்லை. நடத்தைகளைப் புகைப்படமாகக் காட்டி, “இப்படிச் செய்கிறானா?” என்று கேட்கும் புதிய முறையை உருவாக்கி, 2017-ல் வெளியிட்டார். படத்தைப் பார்த்ததும் தாய்க்குச் சட்டென்று பிடிபடுகிறது.

அரபு உலகமும் தன் பிள்ளைகளிடம் இதைச் சோதித்துப் பார்த்ததுதான். எழுத்து மொழி ஒன்று, வீட்டு மொழி வேறு என்ற சிக்கல் தமிழைப் போல அரபுக்கும் உண்டு. மொராக்கோ தாயின் பேச்சு குவைத் தாய்க்கு எளிதில் புரியாது. அரபு எம்-சாட்டை ஒரே நாட்டில் பார்த்துவிட்டு ஓய்ந்துவிடாமல் 9 நாடுகளின் பிள்ளைகளிடம் சோதித்த ஆய்வு 2008-லேயே வெளிவந்தது. வளைகுடாவில் வேலைபார்க்கும் காரைக்கால் குடும்பங்களுக்கு இது தூரத்துச் செய்தியல்ல.

கேள்வியைத் திருத்தினால் போதாது, மதிப்பெண்ணையும் திருத்த வேண்டியிருக்கும். அதற்கு உதாரணம் வேலூரிலேயே இருக்கிறது. ‘கார்ஸ்’ என்ற அளவுகோலில் 30 மதிப்பெண்ணைத் தொட்டால் ஆட்டிசம் என்பது மேல்நாட்டு வழக்கம். சி.எம்.சி. மருத்துவமனை மருத்துவர்கள் நம் பிள்ளைகளிடம் சோதித்து, இந்தியாவுக்கு 33 என்பதே பொருத்தம் என்று 2010-ல் எழுதினார்கள். மூன்று மதிப்பெண் சின்ன விஷயமாகத் தோன்றலாம். அந்த மூன்றுக்கு இந்தப் பக்கமா அந்தப் பக்கமா என்பதில்தான் ஒரு குடும்பத்தின் அடுத்த பத்தாண்டு இருக்கிறது.

ஊனச் சான்றிதழ் விஷயத்தில் இது இன்னும் கூர்மையாகிறது. செகந்திராபாத்தில் உள்ள, அறிவுத்திறன் குறைபாடுடையோருக்கான தேசிய நிறுவனம் 2009-ல் உருவாக்கிய ‘இசா’ அளவுகோலில் 40 கூறுகள், ஒவ்வொன்றுக்கும் 1 முதல் 5 வரை மதிப்பெண். மொத்தம் 70 வந்தால் 40 சதவீத ஊனம். சலுகைகளின் கதவு அங்கேதான் திறக்கிறது. நம் நாட்டிலேயே செய்த கருவி என்பதால் வாக்குவம் கிளீனர் தொல்லை இல்லை. ஆனால், ஒரு நடத்தை 40 சதவீத நேரம் நடக்கிறதா 60 சதவீதமா என்று அது கேட்கிறது. மீன் கூடையை இறக்கிவைத்துவிட்டு வந்து வரிசையில் உட்கார்ந்திருக்கும் தாயிடம் சதவீதம் கேட்டால் “அப்பப்போ செய்வான் சார்” என்பார். அந்த ‘அப்பப்போ’வை 2 என்று எழுதுவதா 3 என்று எழுதுவதா என்பது எழுதுகிறவரின் பொறுமையைப் பொறுத்தது.

குறையில்லாத பட்டியல் தயாராகும்வரை காத்திருக்க முடியாது, கிடைத்த தாளை வைத்தாவது தொடங்குவோம் என்பார்கள் சிலர். நியாயமான அவசரம்தான். ஆனால், தாள் “ஒன்றுமில்லை” என்று சொல்லி அனுப்பிய தாய் மறுபடி வர ஓராண்டு ஆகும், இரண்டாண்டும் ஆகும்; வைத்தியத்துக்குத் தோதான வயது அதற்குள் போய்விடும். எம்-சாட்டை உருவாக்கியவர்களே 3 முதல் 7 வரை மதிப்பெண் வந்தால் மறுபடி நேரில் விசாரிக்கச் சொல்கிறார்கள். ஆள் பற்றாக்குறையில் முதலில் கைவிடப்படும் வேலை இதுவாகத்தான் இருக்கும். உயிரான வேலையும் இதுதான்.

புதுச்சேரிக்கு இதில் ஒரு வசதி உண்டு. ஊர் சிறியது, ஜிப்மர் மருத்துவமனை கைக்கெட்டும் தூரத்தில் இருக்கிறது, விழுப்புரம், கடலூர்ப் பிள்ளைகளும் அங்கேதான் வருகிறார்கள். தடுப்பூசி அட்டவணைப்படி 16 முதல் 24 மாதத்துக்குள் பூஸ்டர் ஊசிக்காகப் பிள்ளையைத் தூக்கிக்கொண்டு தாய் ஆரம்பச் சுகாதார நிலையத்துக்கு வந்தே ஆக வேண்டும். எம்-சாட்டுக்கும் அந்த வயது பொருந்தும். ஊசி போட்ட பின் அரை மணி நேரம் உட்காரச் சொல்கிறார்களே, அந்த நேரத்தில் பேச்சுத் தமிழில், படங்களோடு, சொப்பு வைத்து விளையாடுகிறதா, நிலாவைக் காட்டினால் பார்க்கிறதா என்று பயிற்சி பெற்ற செவிலியர் கேட்கலாம். எத்தனை மதிப்பெண் வந்தால் மேல்சோதனை என்பதை ஜிப்மர் நம் பிள்ளைகளை வைத்தே தீர்மானித்து வெளியிட வேண்டும்.

புதுச்சேரி ஆட்சிக்குட்பட்ட மாஹேயையும் ஏனாமையும் இதில் மறந்துவிடக் கூடாது. மாஹேக்கு, திருவனந்தபுரம் குழந்தை வளர்ச்சி மையம் மலையாளக் குடும்பங்களுக்கென உருவாக்கிய நடத்தைப் பட்டியலைக் கேட்டு வாங்கிப் பார்க்கலாம். ஏனாமுக்கான தெலுங்குப் பட்டியலையும் புதுச்சேரித் தலைமைச் செயலகத்தில் உட்கார்ந்து பெயர்த்து அனுப்பாமல், கோதாவரிக் கரைத் தாய்மார்களிடம் போய்க் கேட்டுத்தான் எழுத வேண்டும்.