கோரிக்கை மனு: புகாரை வாங்குங்கள், வாங்கியதற்கு ரசீது கொடுங்கள்

அனுப்புநர்: பனியன் கம்பெனிப் பெண் தொழிலாளர்கள் சார்பில், சங்க நிர்வாகிகள், திருப்பூர்.

பெறுநர்: உயர்திரு மாவட்ட ஆட்சியர் அவர்கள், மாவட்ட ஆட்சியர் அலுவலகம், திருப்பூர்.

பொருள்: பணியிடப் பாகுபாடு, பாலியல் தொல்லை குறித்த புகார்களை முறையாகப் பெற்று விசாரிக்க ஏற்பாடு செய்யக் கோருதல் தொடர்பாக.

மதிப்பிற்குரிய ஐயா,

பனியன் கம்பெனிகளில் செக்கிங், கைமடி, பிசிர் வெட்டு வேலைகளைச் செய்பவர்கள் பெரும்பாலும் பெண்கள். எங்களுக்குச் சட்டம் இல்லாமல் இல்லை. சம வேலைக்குச் சம ஊதியம் என்ற சட்டம் 1976இலேயே வந்துவிட்டது. பேறுகால விடுப்பு 2017 முதல் 26 வாரம். பணியிடப் பாலியல் தொல்லையைத் தடுக்கும் சட்டம் 2013இல் வந்தது. ஆனாலும் யாரிடம் புகார் கொடுப்பது என்று லைனில் நிற்கும் பெண்ணுக்குத் தெரிவதில்லை. தெரிந்து கொடுத்தாலும், கொடுத்ததற்கு அத்தாட்சியாக ஒரு துண்டுச் சீட்டு கூட அவர் கைக்கு வருவதில்லை.

எங்களிடம் வந்த ஒருவரின் நிலையைத் தங்கள் கவனத்துக்குக் கொண்டுவருகிறோம். 2013 சட்டத்தின் 16ஆம் பிரிவை மதித்து அவர் பெயரையும் கம்பெனியின் பெயரையும் இங்கே எழுதவில்லை. காண்ட்ராக்டர் மூலம் செக்கிங் வேலைக்குச் சேர்ந்தவர் அவர். சூப்பர்வைசரின் நடத்தை பற்றி மேனேஜரிடம் வாய்விட்டுச் சொன்னார். "பேசிக்கலாம்மா, அடுத்த வாரம் வா" என்றார்கள். அடுத்த வாரம் வேறு யூனிட்டுக்கு மாற்றப்பட்டவர் அந்தப் பெண்தான். சூப்பர்வைசர் அதே லைனில் இருந்தார். புகாரை எழுத்தில் தர வேண்டும் என்று அந்தப் பெண்ணுக்குத் தெரியவந்தபோது, சட்டம் தரும் மூன்று மாதக் கெடு முடிந்திருந்தது. தக்க காரணம் இருந்தால் மேலும் மூன்று மாதம் வரை புகாரை விசாரிக்கும் குழு அவகாசம் தரலாம் என்பதை அவருக்கு எவரும் சொல்லவில்லை. கடைசியில், "நீ காண்ட்ராக்டர் ஆளு, கம்பெனி ஆளே இல்ல" என்று கைவிரித்தார்கள். ஒப்பந்தத் தொழிலாளியும் பயிற்சியாளரும் இச்சட்டத்தின்படி பணியாளர்களே. அந்தப் பதில் சட்ட விரோதமானது.

2013 சட்டத்தின் விதிப்படி புகார் ஆறு பிரதிகளாக, சாட்சிகளின் பெயர், முகவரியோடு தரப்பட வேண்டும். ஒன்றரை ஷிப்ட் முடித்து இரவில் வீடு திரும்பும் பெண்ணுக்கு இது எளிதல்ல. எழுத முடியாதவருக்குக் குழுவே எழுதித் தந்து உதவ வேண்டும் என்று அச்சட்டத்தின் 9ஆம் பிரிவு கூறுகிறது. இதை நடைமுறைப்படுத்துவதே எங்கள் முதல் கோரிக்கை. கொடுத்த புகாருக்குத் தேதியிட்ட ஒப்புகைச் சீட்டு அன்றே தரப்பட வேண்டும் என்று எல்லாக் கம்பெனிகளுக்கும் தாங்கள் உத்தரவிட வேண்டும். கெடுவைக் காட்டிப் புகாரைத் தள்ளுவதை இந்த ஒரு சீட்டே தடுத்துவிடும்.

பத்துப் பேரோ அதற்கு மேலோ வேலை செய்யும் இடத்தில் உள்ளகக் குழு கட்டாயம். அமைக்காத முதலாளிக்கு 50,000 ரூபாய் வரை அபராதம். குழு பெயரளவில் இருப்பதால் பயனில்லை. அதன் உறுப்பினர்கள் யார் என்பதைத் தமிழிலும், வடமாநிலத் தொழிலாளர்களுக்காக இந்தியிலும் ஒடியாவிலும், பெண்கள் சாப்பிடும் இடத்தில் எழுதி ஒட்டச் செய்ய வேண்டும். சிறு யூனிட்டுகளில் இருப்பவர்களும், முதலாளி மீதே புகார் உள்ளவர்களும் மாவட்ட உள்ளூர்க் குழுவைத்தான் நாட முடியும். அவர்களிடம் புகார் பெறும் வட்டார, நகர்ப்புறப் பொறுப்பு அலுவலர்களின் பெயரையும் தொலைபேசி எண்ணையும் ரேஷன் கடைகளிலும் பேருந்து நிலையங்களிலும் வைக்க வேண்டுகிறோம்.

விசாரணை நடக்கும்போது இடமாற்றமோ விடுப்போ புகார் கொடுத்தவர் கேட்டால் மட்டுமே தரப்பட வேண்டும். அவர் கேட்காமல் மாற்றுவது தண்டனைதான்.

வயிறு தெரிந்ததும் "நின்னுக்கோ" என்று அனுப்பப்படும் பெண்களின் புகார்களையும், ஒரே வேலைக்கு ஆணுக்கு ஒரு கூலி, பெண்ணுக்கு ஒரு கூலி என்ற புகார்களையும் தொழிலாளர் துறை தனிப் பதிவேட்டில் ஏற்க வேண்டும். ஊரையும் தெருவையும் கேட்டுச் சாதி சொல்லி இழிவுபடுத்தினால் அது கம்பெனிக்குள் பேசி முடிக்கும் விஷயமல்ல. 1989ஆம் ஆண்டு வன்கொடுமைத் தடுப்புச் சட்டத்தின் கீழ் வரும் குற்றத்துக்கு முதற்கட்ட விசாரணை இன்றியே வழக்குப் பதியலாம் என்று 2018 திருத்தம் தெளிவாக்கியுள்ளது. இதைக் காவல் நிலையங்களுக்கு நினைவூட்டுமாறு கேட்டுக்கொள்கிறோம்.

தொழிற்சாலைகள் துறை, தொழிலாளர் துறை, சமூக நலத் துறை அலுவலர்களோடு எங்கள் பெண் பிரதிநிதிகளையும் அழைத்து, ஒரு மாதத்துக்குள் கூட்டம் நடத்தி, எடுக்கும் முடிவை எழுத்தில் தெரிவிக்குமாறு பணிவுடன் வேண்டுகிறோம்.

இப்படிக்கு,
சங்க நிர்வாகிகள் மற்றும் உறுப்பினர்கள்