மாற்று, பதில், ஈடு: அச்சங்குளம் வெடிவிபத்தை முன்வைத்து ஒரு சொற்பொருள் நோக்கு

முன்னுரை

ஆங்கிலத்தில் ‘ரிப்ளேஸ்’ என்னும் வினை அன்றாட வழக்கில் மிகுதியாகப் பயில்வது. ஒரு பொருளை நீக்கி அவ்விடத்தில் வேறொன்றை இடுதல், ஒருவர் இடத்தில் மற்றொருவர் அமர்தல், இழந்ததைத் திரும்ப வாங்கித் தருதல், எடுத்த பொருளை எடுத்த இடத்திலேயே வைத்தல் ஆகிய நான்கு பொருள்களையும் அவ்வொரு சொல்லே தாங்கி நிற்கிறது. இவற்றுள் இறுதியில் கூறப்பட்டதே அச்சொல்லின் முதற்பொருள். ‘மீண்டும் இடத்தில் வை’ என்பதே அதன் உறுப்புகள் தரும் பொருளாகும்.

இவ்வினைக்கு ஒத்த ஒற்றைச் சொல் தமிழில் இல்லை. மாற்று, பதிலிடு, பிரதியிடு, ஈடுசெய், பகரமாக்கு எனப் பல சொற்கள் உள்ளன. எனினும் இன்றைய மொழிபெயர்ப்புத் தமிழும் அலுவலகத் தமிழும் இவற்றுள் ‘மாற்று’ ஒன்றையே எல்லா இடங்களுக்கும் பொதுவாக்கி வருகின்றன. இப்பொதுமையாக்கம் நடைக்குறை என்ற அளவில் நின்றுவிடுவதில்லை. உயிரும் உரிமையும் சார்ந்த இடங்களில் பொருட்குறையாகவும் முடியும் என்பது இக்கட்டுரையின் கருத்து. விருதுநகர் மாவட்டம் சாத்தூரை அடுத்த அச்சங்குளத்தில் 12.02.2021 அன்று நிகழ்ந்த பட்டாசு ஆலை வெடிவிபத்தும், அதனைச் சூழ்ந்து வழங்கிய சொற்களும் இதற்குச் சான்றாகக் கொள்ளப்படுகின்றன. அவ்விபத்தில் இருபதுக்கும் மேற்பட்ட தொழிலாளர்கள் உயிரிழந்தனர்.

இலக்கண மரபில் இடமாற்றம்

ஒன்றன் இடத்தில் மற்றொன்று வருதலைத் தமிழ் இலக்கண மரபு ஒரே நிகழ்வாகக் கருதவில்லை. நன்னூலார் விகாரத்தைத் தோன்றல், திரிதல், கெடுதல் என மூன்றாகப் பகுத்தார். ‘பொன்+குடம்’ என்பது ‘பொற்குடம்’ ஆகும்போது னகரம் மறைந்து றகரம் அவ்விடத்தைக் கொள்கிறது. இது திரிதல். ‘நலம்’ என்பது ‘நலன்’ எனவும் ‘அரசு’ என்பது ‘அரைசு’ எனவும் வருதல் போலி. இங்கும் ஓரெழுத்தின் இடத்தில் மற்றோரெழுத்து நிற்கிறது. ஆயினும் புணர்ச்சி காரணமாக நேர்வதன்று, பொருள் வேறுபடுவதுமில்லை, இரு வடிவங்களும் ஒருங்கே வழக்கில் உள்ளன.

மூன்றாவது ஆகுபெயர். தொல்காப்பியர் இதனைச் சொல்லதிகாரத்து வேற்றுமை மயங்கியலில் வைத்துரைத்தார். ‘ஊர் சிரித்தது’ என்னுமிடத்து ஊரின் பெயர் ஊராரைக் குறிக்கிறது. பெயர் இடம் மாறினும் ஊருக்கும் ஊராருக்கும் உள்ள தொடர்பு அறுவதில்லை. அத்தொடர்பே அம்மாற்றத்திற்கு உரிமை தருகிறது.

நீங்கியது நீங்கியதாகவே நிற்கும் இடமாற்றம், இரண்டும் நிகராக நிற்கும் இடமாற்றம், தொடர்பினால் ஒன்று மற்றொன்றன் சார்பில் நிற்கும் இடமாற்றம் என இம்மூன்றையும் வகைப்படுத்தலாம். எழுத்துக்கும் சொல்லுக்கும் கூறப்பட்ட இவ்வேறுபாடுகளை அப்படியே வினைச்சொற்களின் மேல் ஏற்றிவிட முடியாது. எனினும் ‘எது நீங்கியது, எது வந்தது, இரண்டிற்கும் உறவு என்ன’ என்னும் வினாக்களை மரபிலிருந்தே பெற முடிகிறது.

மூன்று சொற்கள்

‘மாற்று’ என்பது ‘மாறு’ என்னும் தன்வினையின் பிறவினை. வேறாதல் என்பதே இதன் அடிப்படை. வேறாதலிலிருந்து எதிராதல் பிறக்கும். ஆதலின் ‘மாற்றான்’ பகைவனானான். ‘மாற்றாந்தாய்’ என்னும் சொல்லில் தாயின் இடம் நிரப்பப்பட்டிருப்பினும் அவள் வேறு என்பதே முனைந்து நிற்கிறது. பொன்னின் தரத்தைக் குறிக்கும் ‘மாற்று’, விடையைக் குறிக்கும் பழைய ‘மாற்றம்’ ஆகியவையும் இவ்வடிவினவே. திருக்குறளின் அவையஞ்சாமை அதிகாரத்தில் ‘மாற்றம்’ விடை என்னும் பொருளில் ஆளப்பட்டுள்ளது.

‘பதில்’ அரபு மூலமுடைய சொல். உருது வழியாகத் தமிழுக்கு வந்ததென்பர். விடை, கைம்மாறு, ஒன்றற்காக நிற்றல் ஆகிய பொருள்களை ஏற்றுப் ‘பதிலி’, ‘பதிலாள்’, ‘பதிலீடு’ எனக் கிளைத்தது. வேதியியல் பாடநூல்களில் ‘பதிலீட்டு வினை’ நிலைபெற்றுவிட்டது. வடமொழி ‘பிரதி’யின் அடியாகக் கணிதத்தில் ‘பிரதியிடல்’ வழங்குகிறது; இலங்கைத் தமிழில் ‘பிரதியீடு’ பொருளியலிலும் பயில்கிறது. இசுலாமியத் தமிழிலும் தனித்தமிழ் எழுத்திலும் ‘பகரம்’ இப்பொருளைத் தருகிறது. இச்சொற்கள் அனைத்திலும் ஒன்றன் சார்பில் மற்றொன்று நிற்கும் கருத்து முனைப்பாக உள்ளது.

‘ஈடு’ என்பது ‘இடு’ என்னும் வினையின் முதனிலை திரிந்த தொழிற்பெயர். படு பாடு எனவும் சுடு சூடு எனவும் திரிவது போன்றது. இடப்பட்டது என்பது முதற்பொருள். கடனுக்குப் பொறுப்பாக இடப்படும் அடகும் ஈடே. பின்னர் ஒத்தது, நிகரானது என்னும் பொருளும் சேர்ந்தது. ‘ஈடு இணையற்ற’ என்னும் தொடரில் இருப்பது இப்பிற்பொருள்.

இவ்வேறுபாடுகள் புலவர் வகுத்துக் கொண்டவை மட்டுமல்ல. மக்கள் வழக்கிலும் தெளிவாக உள்ளன. தென்மாவட்டங்களில் ‘கைமாத்து’ என வழங்கும் கைமாற்றில் வாங்கிய அதே பணத்தாள் திரும்புவதில்லை. அதன் மதிப்பு திரும்புகிறது. ஈடாக வைத்த நகையோ கடன் தீர்ந்தபின் அதே நகையாகத் திரும்ப வேண்டும். அதே எடையில் வேறொரு நகையை யாரும் ஏற்கமாட்டார். உடுத்தியதைக் களைந்து உடுத்த வைத்திருக்கும் ‘மாத்துத் துணி’யில் இரண்டும் ஒருவருடையனவாகவே நிற்கின்றன. ஆங்கிலம் ஒரு வினையில் அடக்கியதை எழுத்தறியாதவரும் தமிழில் பிரித்தே வழங்குகின்றனர்.

வேற்றுமையும் தொடரமைப்பும்

சொற்றேர்வைவிடத் தொடரமைப்பில் நேரும் பிழை மிகுதி. ஆங்கிலத்தில் நீங்குவது செயப்படுபொருளாகவும் வருவது கருவியாகவும் அமையும். அவ்வமைப்பைப் பின்பற்றிப் ‘பேரியம் நைட்ரேட்டை ஸ்ட்ரான்சியம் நைட்ரேட்டைக் கொண்டு மாற்றுக’ என எழுதினால், ஸ்ட்ரான்சியம் கருவியாக நின்று பேரியத்தில் ஏதோ ஒரு மாறுதலைச் செய்வதாகவே தமிழ்ச் செவிக்குப் படும். ‘ஸ்ட்ரான்சியம் நைட்ரேட்டாக மாற்றுக’ என்றால் ஒரு பொருளே மற்றொரு பொருளாக உருமாறுவதாகும். ‘நூறு ரூபாயைச் சில்லறையாக மாற்று’ என்பது பொருந்துகிறது. அங்கே மதிப்பு தொடர்கிறது, வடிவம் மட்டுமே வேறாகிறது. இரு வேதிப்பொருள்களுக்கு இது பொருந்தாது. ‘பேரியம் நைட்ரேட்டுக்குப் பதிலாக ஸ்ட்ரான்சியம் நைட்ரேட்டைச் சேர்க்க’ என்பதும், ‘பேரியம் நைட்ரேட்டை நீக்கி ஸ்ட்ரான்சியம் நைட்ரேட்டை இடுக’ என்பதும் தமிழின் இயல்பான அமைப்புகள். பின்னதில் நீக்கலும் இடலும் இரு தனிவினைகளாக வெளிப்பட்டு நிற்பது குறிக்கத்தக்கது.

இவ்வெடுத்துக்காட்டு நடைமுறையிலிருந்தே எடுக்கப்பட்டது. உச்சநீதிமன்றம் 23.10.2018 அன்று வழங்கிய தீர்ப்பில் பட்டாசுகளில் பேரியம் உப்புகளைத் தடைசெய்து, மாசு குறைந்த பட்டாசுகளையும் பசுமைப் பட்டாசுகளையுமே அனுமதித்தது, 29.10.2021 அன்று அத்தடையை மீண்டும் வலியுறுத்தியது. பட்டாசுக்குப் பச்சை ஒளி தருவது பேரியம். ஸ்ட்ரான்சியம் தருவது சிவப்பு. ஆயினும் பசுமைப் பட்டாசு என்னும் பெயர் ஒளியின் நிறத்தைப் பற்றியதன்று, சூழல் நன்மையைப் பற்றியது. ஆங்கிலத்தில் ஒரே சொல் நிறத்தையும் சூழல் நன்மையையும் குறித்து மயக்கம் தரும் இடத்தில், தமிழ் ‘பச்சை’ என்றும் ‘பசுமை’ என்றும் பிரித்துக்கொண்டது. இப்பெயராக்கத்தில் காட்டப்பட்ட கவனம் வினையாக்கத்தில் காட்டப்படவில்லை.

பட்டாசு ஆலையில் ‘மருந்து’ என்பது வெடிக்கலவையைக் குறிக்கும். ‘மருந்தை மாற்று’ என்னும் தொடரை அங்கு வைத்துப் பார்க்க. வேறு அறைக்குக் கொண்டுசெல், வேறு கலவையைப் பயன்படுத்து, இக்கலவையின் அளவுகளைத் திருத்து என மூன்று கட்டளைகளாக அதனைக் கொள்ளலாம். உராய்வுக்கும் வெப்பத்திற்கும் அஞ்ச வேண்டிய பொருளைப் பற்றிய கட்டளை இது. அவ்வாறே கலனின் மூடியைத் திரும்ப மூடுக எனக் கூறும் ஆங்கிலக் குறிப்பிலும் ‘ரிப்ளேஸ்’ வரும். அதனை ‘மூடியை மாற்றவும்’ என்று பெயர்த்தால் புதுமூடி தேடுவதாகப் பொருளாகும். ‘பயன்படுத்தியபின் மூடியை மீண்டும் மூடவும்’ என்றால் ஐயமில்லை. எந்த விபத்துக்கும் மொழிபெயர்ப்பே காரணம் என்பது இங்குக் கருத்தன்று. விபத்தைத் தடுக்க எழுதப்படும் தொடர், தான் சொல்ல வந்ததைச் சொல்ல வேண்டும் என்பதே கருத்து.

ஆளும் பொறுப்பும்

அச்சங்குளம் நிகழ்வைத் தேசியப் பசுமைத் தீர்ப்பாயம் தானாக முன்வந்து வழக்காக எடுத்துக்கொண்டது. அது அமைத்த குழு, உரிமம் பெற்ற ஆலை விதிக்கு மாறாகப் பிறருக்கு உள்குத்தகைக்கு விடப்பட்டிருந்ததைச் சுட்டியது. இங்கும் ஒருவர் இடத்தில் மற்றொருவர் வந்திருக்கிறார். ஆயின் அவரைப் ‘பதிலி’ எனலாமா?

பதிலி என்பவர் மற்றொருவர் சார்பில், அவர் அறிய, அவர் பொறுப்பின் கீழ் நிற்பவர். ஆகுபெயரில் போலத் தொடர்பு அறாமலிருப்பது இதன் இலக்கணம். உள்குத்தகையில் உரிமம் ஒருவர் பெயரில் இருக்க, வேலையை வாங்குபவர் வேறொருவராகிறார். பயன் ஒருபுறமும் பொறுப்பு மறுபுறமும் பிரிகின்றன. இதனை ‘ஆலை கைமாறியது’ எனச் செய்திநடையில் எழுதும்போது, கைமாறியது உடைமையா, உரிமமா, மேற்பார்வையா, பொறுப்பா என்பது மறைகிறது. தன்வினை வடிவம் செய்தவரையும் மறைத்துவிடுகிறது. ‘உரிமம் பெற்றவர் உள்குத்தகைக்கு விட்டார்’ என்னும் தொடரில் எழுவாயும் வினையும் உள்ளன. வினவப்பட வேண்டியவர் யார் என்பதும் அதில் உள்ளது.

நிவாரணமும் இழப்பீடும்

விபத்தை அடுத்து, இறந்தோர் குடும்பங்களுக்கு மாநில முதலமைச்சர் 3 இலட்சம் ரூபாயும், தேசிய நிவாரண நிதியிலிருந்து பிரதமர் 2 இலட்சம் ரூபாயும் அறிவித்தனர். பின்னர்ப் பசுமைத் தீர்ப்பாயம் இறந்தோர் ஒவ்வொருவர் பொருட்டும் 20 இலட்சம் ரூபாய் வழங்க ஆணையிட்டது. இம்மூன்றையும் ‘இழப்பீடு’ எனவும் ‘நிவாரணம்’ எனவும் வேறுபாடின்றி எழுதும் வழக்கம் உண்டு.

நிவாரணம் துயர் தணிப்பது. கொடுப்பவர் தவறிழைத்தவராக இருக்க வேண்டியதில்லை; பெறுபவர் அதனை உரிமையாகக் கோரவும் இயலாது. இழப்பீடு அவ்வாறன்று. இழப்பை நேர்வித்தவர் அல்லது அதற்குப் பொறுப்பானவர் கடனாகச் செலுத்துவது அது. நிவாரணம் பெற்ற குடும்பம் நன்றி கூற வேண்டியதாகிறது. இழப்பீடு பெறும் குடும்பத்திற்கு அக்கடப்பாடு இல்லை. தீர்ப்பாயம் ஆணையிட்ட தொகையை ‘நிவாரணம்’ என எழுதும்போது உரிமை கருணையாகிறது. முதலமைச்சரும் பிரதமரும் அறிவித்த தொகையை ‘இழப்பீடு’ என எழுதும்போது, பொறுப்பானவர் கொடுக்க வேண்டிய கடன் ஏற்கெனவே தீர்ந்துவிட்டதாகத் தோற்றம் எழுகிறது. இரண்டிலும் பாதிக்கப்படுவது தொழிலாளர் குடும்பமே.

‘இழப்பீடு’ என்னும் சொல்லிலும் ஒரு நுட்பம் உண்டு. இதனை இழப்புக்கு நிகரானது என விரிப்பின், உயிருக்கு நிகர் எது என்னும் வினா எழும். ‘ஈடுசெய்ய இயலாத இழப்பு’ என்று இரங்கலில் கூறியவரே இழப்பீடு அறிவிப்பது முரணாகும். ‘இடு’ என்னும் முதனிலையை நினைவிற்கொண்டு, இழப்பின்பொருட்டு இடப்படுவது என விரிப்பின் அம்முரண் நீங்கும். முதலீடு, ஒதுக்கீடு ஆகிய சொற்களில் ‘ஈடு’ நிகர்மையைக் குறிக்கவில்லை; இடுதலையே குறிக்கிறது. அச்சொற்களோடு வைத்து இதனையும் நோக்கலாம். பணம் மனிதரின் இடத்தை நிரப்புவதாக இச்சொல் கூற வேண்டியதில்லை. அவ்விடம் வெறுமையாயிற்று என்பதற்குப் பொறுப்பேற்று வைக்கப்படுவது அது எனக் கூறினால் போதும்.

மறுப்பும் விடையும்

சொல்லின் பொருளைச் சூழலே தெளிவாக்கும். ‘மாற்று’ ஒன்றே எல்லோர்க்கும் எளிது எனச் சிலர் கூறலாம். நேர்முகப் பேச்சிற்கு இது பெரிதும் பொருந்தும். கேட்பவர் ஐயுற்றால் உடனே வினவலாம். சுவரில் ஒட்டிய அறிவிப்பையும் கையொப்பமிட்ட ஆவணத்தையும் வினவ இயலாது. எளிமையின் பெயரால் ‘மாற்று’ ஒன்றே போதும் என்பதிலும் உண்மை குறைவு. ‘நீக்கி இடு’, ‘திரும்ப வை’, ‘பதிலாக’ என்பனவும் எளிய சொற்களே. அவை புதுச்சொற்களும் அல்ல.

முடிவுரை

கலைச்சொல்லாக்கம் பெரும்பாலும் பெயர்ச்சொற்களைச் சுற்றியே நிகழ்கிறது. ஒரு வேதிப்பொருளுக்கோ கருவிக்கோ தமிழ்ப்பெயர் காண்பதில் காட்டும் முயற்சியை, நாளும் வழங்கும் வினைகளின் பொருட்பிரிவை வகுப்பதிலும் காட்ட வேண்டும். அகராதிகள் ‘ரிப்ளேஸ்’ போன்ற வினைக்கு நிகர்ச்சொற்களை வரிசையாக அடுக்குவதோடு நில்லாமல், நீங்கியது எது, வந்தது எது, நீங்கியது திரும்புமா, இரண்டும் நிகரா, ஒன்று மற்றொன்றன் சார்பில் நிற்கிறதா எனப் பகுத்து, உரிய வேற்றுமை அமைப்போடு காட்ட வேண்டும். அரசாணை, தீர்ப்பு, தொழிற்பாதுகாப்புக் குறிப்பு ஆகியவற்றின் தமிழாக்கத்தைத் தமிழ்த்துறைகள் ஆய்வுக்களமாக ஏற்பின் இப்பணி தொடங்கும். விருதுநகர் மாவட்டத்துப் பட்டாசுத் தொழிலாளர்கள் ஈட்டையும் கைமாற்றையும் பிரித்தறிந்தே வாழ்கின்றனர். அவர்களுக்காக எழுதப்படும் தமிழும் அவ்வளவு தெளிவுடையதாக இருத்தல் வேண்டும்.