கள் நல்லதா? பிராந்தி கெட்டதா?

உடன்குடி என்ற பெயரிலேயே 'குடி' இருக்கிறது. ஆனால் அது குடித்தனம் செய்யும் குடி. ஊரின் புகழ் எல்லாம் பனங்கருப்பட்டியால் வந்தது.

பனையேறி பாளையைச் சீவிக் கலயம் கட்டுகிறார். கலயத்தின் உள்ளே சுண்ணாம்பு தடவினால் வடிவது பதனி. தடவாவிட்டால் அது நுரைத்துப் புளித்துக் கள்ளாகிவிடும். மரம் ஒன்று, பாளை ஒன்று. நடுவில் நிற்பது சுண்ணாம்பு!

தமிழ்நாட்டில் 1987 ஜனவரி 1 முதல் கள்ளுக்குத் தடை. பிராந்தியோ அரசாங்கக் கடையிலேயே கிடைக்கிறது. "அதை விற்கலாம், இதை இறக்கக்கூடாதா?" என்று பனையேறிகள் கேட்கிறார்கள். கேள்வியில் நியாயம் உண்டு. ஆனால், "கள் உடம்புக்கு நல்லது, பிராந்திதான் கெடுதல்" என்று சிலர் சொல்வது சரியா?

கணக்கு என்ன சொல்கிறது?

உடம்பைக் கெடுப்பது ஆல்கஹால். கள்ளில் அது நூற்றுக்கு 5 பங்கு அளவில் இருக்கிறது. பிராந்தியில் ஏறக்குறைய 43 பங்கு. 180 மில்லி பிராந்தியில் உள்ள ஆல்கஹால் 77 மில்லி. ஒன்றரை லிட்டர் கள்ளில் 75 மில்லி!

பிராந்தி சீக்கிரம் ஏறும். ஆபத்தும் சீக்கிரம் வரும். கள் மெதுவாக வரும். ஆனால் "இது கள்தானே" என்று தினமும் கலயம் கலயமாகக் குடித்தால், இரண்டும் போய்ச் சேரும் இடம் ஒன்றே. அது கல்லீரல்.

ஒயின் ரகசியம்

மேல்நாட்டில், "ஒயின் குடிப்பவர்கள் நலமாக இருக்கிறார்கள்" என்ற பேச்சு உண்டு. டென்மார்க்கில் கடை ரசீதுகளை ஆராய்ந்து 2006-ல் ஒரு முடிவு வெளியிட்டார்கள். ஒயின் வாங்கியவர்கள் பழமும் காய்கறியும் அதிகம் வாங்கியிருந்தார்கள். பீர் வாங்கியவர்கள் சிப்ஸ், இறைச்சிப் பண்டங்களை அதிகம் வாங்கியிருந்தார்கள். காய்கறிக்குச் சேர வேண்டிய பெயரில் ஒரு பங்கை ஒயின் தட்டிக்கொண்டு போய்விட்டது!

எந்த அளவு மதுவும் உடம்புக்குப் பாதுகாப்பானது அல்ல என்று உலக சுகாதார நிறுவனம் 2023-ல் சொல்லிவிட்டது.

ஆகவே வீட்டில் கேட்க வேண்டிய கேள்வி, "என்ன குடித்தாய்?" என்பதல்ல. "எவ்வளவு? வாரத்தில் எத்தனை நாள்?" என்பதே.

பனையேறியின் வயிறும் நிறைய வேண்டும். அதற்கு வழி, பதனிக்கும் கருப்பட்டிக்கும் நல்ல விலை. சீனி கலந்த போலிக் கருப்பட்டியை ஒழித்தால் பாதி வழி திறக்கும். பெரியவரும் குழந்தையும் ஒன்றாக அமர்ந்து பருகக்கூடியது பதனிதான். கலயத்தில் ஒரு தடவை சுண்ணாம்பு பூசினால் போதும். ஒரு குடி பிழைக்கும்!