காய்க்காத மரத்துக்கும் ஓரிடம்

நற்பிட்டிமுனைத் தெருவால் ஒரு மரக்கன்றைக் கையில் கொண்டுவந்தால், எதிரே வருகிறவர் முதலில் கேட்பது, "இது எப்ப காய்க்கும்?" என்பதுதான். மாங்கன்று, ஜம்பு என்றால் முகம் மலரும். கொன்றை என்று சொன்னால், "ஒரு தென்னம்பிள்ளய வெச்சா உதவுமே காக்கா" என்பார்கள். அவர்கள் சொல்வதிலும் நியாயம் உண்டு. கல்முனைப் பக்கம் காணியைப் பேர்ச் கணக்கில் அளக்கிறோம். ஒரே வளவைப் பெண்பிள்ளைகளுக்குப் பிரித்துக் கொடுக்கிறோம். வீடு, கிணறு, மலசலகூடக் குழி, மோட்டார் சைக்கிள் நிறுத்தும் இடம் எல்லாம் போக மிஞ்சுவது மதிலோரத்துத் துண்டு நிலம். அதிலும் காய்க்காத மரமா?

ஆம், அதில்தான் நட வேண்டும் என்கிறேன்.

நமது மூத்தம்மாமார் யாரும் பூ மரம் நட வேண்டும் என்று நினைத்து நட்டதில்லை. அவர்களுக்கு வேலி இருந்தது. பூவரசந் தடியும் முருக்கந் தடியும் கிளிசரியாவும் வெட்டி ஊன்றினார்கள். அவை வேர்விட்டு மரமாகின. கோடை தொடங்கும்போது கிளிசரியா இலையை உதிர்த்து இளஞ்சிவப்பாய்ப் பூத்தது. முருக்கு நெருப்பாய்ச் சிவந்தது. பூவரசம்பூ காலையில் மஞ்சளாக விரிந்து, பொழுது சாயச் சாய ஊதாச் சிவப்பாக மாறி உதிர்ந்தது. கேட்காமலே கிடைத்த அழகு அது. பிறகு வேலிகள் போய் மதில்கள் வந்தன. முருக்குக்கு வேறொரு கேடும் வந்தது. 2004இல் விஞ்ஞானிகள் முதன்முதலாகப் பெயரிட்ட ஒரு நுண்குளவி, இலைகளையும் தண்டுகளையும் முடிச்சு முடிச்சாகப் புடைக்க வைத்து, ஆசிய நாடுகள் பலவற்றில் முருக்கு மரங்களை வாட்டியெடுத்தது. வேலி தந்த பூவை இனி நாமாகத்தான் நட்டுக்கொள்ள வேண்டும்.

எதை நடுவது? நாற்றுமேடைக்குப் போகிற பலர் குல்மோகரையே கேட்கிறார்கள். மடகஸ்கார் தந்த அந்தச் செம்மயிற்கொன்றை மே மாதத்தில் பூத்து நிற்கையில் யாருக்குத்தான் ஆசை வராது? ஆனால் அது மைதானத்துக்கும் அகன்ற வீதிக்கும் உரிய மரம். குடையாய் அகலும், வேர் மேலோடி மதிலைத் தூக்கும், பலமான காற்றில் கொப்பு முறியும். 1978 நவம்பர்ச் சூறாவளியைக் கண்ட கரை இது. கூரைக்கு மேல் அப்படியொரு கொப்பு நிற்பதை நான் விரும்பமாட்டேன். அந்த நிறம்தான் வேண்டுமென்றால், சிறிய மயிற்கொன்றை இருக்கிறது. ஆளுயரத்தைச் சற்றுத் தாண்டி நின்றுவிடும்.

எனக்கு மிகப் பிடித்தது சரக்கொன்றை. கச்சான் காற்று மண்ணைச் சுட்டு, புல்லெல்லாம் கருகிக் கிடக்கும் நாளில் அது இலையைக் கழித்துவிட்டுப் பொன்னாய்ச் சரம் சரமாகத் தொங்கும். பெரிய கருவண்டுகள் காலையிலேயே வந்து மொய்க்கும். அதன் காய்க்குள் இருக்கும் கொன்றைப் புளி யூனானி, சித்த வைத்தியர்களின் மலமிளக்கி. ஆனாலும் அந்தப் பயனைக் காட்டி மரத்துக்கு வக்காலத்து வாங்க எனக்கு விருப்பமில்லை. அந்தப் பூ ஒன்றே போதும்.

நமது ஊரில் தமிழரும் முஸ்லிம்களும் அருகருகே வாழ்கிறோம். கொன்றை சிவனுக்கு உரிய பூ. மதிலுக்கு அப்பால் உள்ள அக்கா ஒருவர், "தம்பி, இஞ்சால சாயுற கொப்ப மட்டும் வெட்டிப்போடாதீங்க" என்று கேட்டுக்கொண்டார். நான் ஏன் வெட்டப்போகிறேன்? ஒருவர் நட்ட மரத்தில் பறவையோ மனிதரோ கால்நடையோ உண்டால், அது நட்டவருக்குச் சதகா என்று நபிமொழி சொல்கிறது. தேன்சிட்டு உறிஞ்சும் தேனும் அந்தக் கணக்கில் சேரும் என்றே நம்புகிறேன்.

கொன்றைக்கும் இடமில்லாதவர்களுக்குப் பவளமல்லிகை இருக்கிறது. இரவில் பூத்து விடியுமுன் உதிரும். சுபஹுத் தொழுகைக்குப் புறப்படுகிறவர் வாசலில் அதன் வாசனையைக் கடந்துதான் போக வேண்டும். மருதோன்றியோ பல வளவுகளில் முன்பே நிற்கிறது. ஆனால் அதன் பூவைப் பார்த்தவர்கள் குறைவு. பெருநாளுக்கு இலை பறிக்கவும் வேலியாகக் கத்தரிக்கவும் நுனியை ஓயாமல் வெட்டிவிடுகிறோம். நுனியில்தான் அது பூக்கும். ஒரே ஒரு கொப்பை வெட்டாமல் விடுங்கள். வெண்மஞ்சள் பூங்கொத்துகளின் மணம் மாலையில் வீட்டுக்குள் வரும்.

கிட்டங்கித் தாம்போதியை வெள்ளம் மூடும் மாரியில் நமது தாழ்ந்த வளவுகளிலும் தண்ணீர் நிற்கும். கொன்றைக்கு அது ஆகாது. மண்ணை மேடாக்கி நட வேண்டும். பூவரசு ஈரத்தையும் தாங்கும், உப்பையும் தாங்கும். மணற்பாங்கான இடமென்றால் குழியில் மாட்டெருவும் மக்கிய வைக்கோலும் போடுங்கள். வயற்கரை ஊரில் இரண்டுக்கும் பஞ்சமில்லை. கொன்றை விதையின் தோல் கடினமானது. அரத்தில் சற்று உரசி, ஓர் இரவு தண்ணீரில் ஊறவைத்தால் சீக்கிரம் முளைக்கும். இப்போதே பையில் முளைக்க வைத்தால், ஒக்டோபரில் முதல் மழை விழும்போது நடுவதற்குக் கன்று தயாராக இருக்கும். பூக்கச் சில வருடங்கள் செல்லும். அதுவரை யாராவது "எப்ப காய்க்கும்?" என்று கேட்டால், இது பூக்கிற மரம் என்று சொல்லுங்கள்.