முதலில் சொல், பிறகு மாத்திரை

அச்சம் தோன்றும் களங்கள் அணங்கு, விலங்கு, கள்வர், இறை என நான்கு என்று தொல்காப்பிய மெய்ப்பாட்டியல் வகுத்துரைக்கிறது. வகுப்பில் இப்பகுதியை நடத்தும்போதெல்லாம், ஐந்தாவதாகப் பல் மருத்துவரின் நாற்காலியையும் சேர்த்துக்கொள்ளலாம் என நாம் கூறுவதும் மாணவர்கள் நகைப்பதும் வழக்கம். அந்நகைப்பின் பின்னே நம் சொந்த வரலாறு ஒன்று உண்டு என்பதை இதுவரை அவர்களிடம் கூறியதில்லை.

அப்போது நமக்குப் பத்து வயது. கடைவாய்ப் பல்லொன்றைப் பிடுங்குவதற்காக அத்தா அழைத்துச் சென்றார். மரத்துப்போகும் ஊசி முழுதும் வேலை செய்யுமுன்னரே குறடு வாய்க்குள் நுழைந்தது. இருவர் கைகளைப் பிடித்துக்கொண்டனர். ‘ஆம்பளப் புள்ள அழலாமா?’ என்றார் ஒருவர். அதன்பின் இருபத்தாறு ஆண்டுகள் பல் மருத்துவமனையின் படியை நாம் மிதிக்கவில்லை. வலித்தால் கிராம்பு, வலி மிகுந்தால் மருந்துக் கடையில் கேட்டு வாங்கிய மாத்திரை. இறுதியில் தாடை வீங்கி, வாய் திறக்க இயலாது, நான்கு நாள்கள் மருத்துவமனையில் படுக்க நேர்ந்தது. ஒரே அமர்வில் அடைத்திருக்கக்கூடிய சொத்தைக்கு நாம் கொடுத்த விலை மூன்று பற்கள்.

அஞ்சுபவர் மருத்துவரை நாடுவதில்லை. நாடாமையால் நோய் முற்றுகிறது. முற்றிய நோய்க்குக் கடுமையான மருத்துவம் வேண்டியதாகிறது. அக்கடுமை, முன்னைய அச்சம் சரியே என்று நெஞ்சில் எழுதிவிடுகிறது. இந்தச் சுழலில் சிக்கியவரைக் கோழை என்று நகைப்பதால் சுழல் அறுபடுவதில்லை, இன்னும் இறுகுகிறது.

மருத்துவ உலகம் இவ்வச்சத்தை என்றோ உணர்ந்துகொண்டது. அமெரிக்காவின் ஹார்ட்ஃபோர்டு நகரில் 1844ஆம் ஆண்டு டிசம்பரில், ஹொரேஸ் வெல்ஸ் என்னும் பல் மருத்துவர் நைட்ரஸ் ஆக்சைடு வாயுவை முகர்ந்து, தம் பல்லையே பிடுங்கச் செய்து, வலி தோன்றாமையைக் கண்டார். அடுத்த மாதம் பாஸ்டன் நகரில் அவர் நடத்திய செயல்விளக்கத்தின்போது நோயாளி முனகவே, கூடியிருந்தோர் எள்ளி நகையாடினர். எனினும் 1846 அக்டோபர் 16ஆம் நாள் அதே நகரில் ஈதரைக் கொண்டு வெற்றி கண்ட மார்ட்டனும் பல் மருத்துவரே. இன்று உலகம் நுகரும் மயக்க மருத்துவத்திற்கு வித்திட்டவர்களுள் பல் மருத்துவர்கள் முன்வரிசையில் நிற்கின்றனர் என்பது எண்ணத்தக்கது.

நாம் இங்குக் கூற விழைவது முழு மயக்கத்தைப் பற்றியன்று. வாய்வழி உட்கொள்ளும் அமைதி மருந்தைப் பற்றியே. டயசிபாம், மிடசோலம், டிரையசோலம் முதலியவை பென்சோடயசெபின் என்னும் ஒரே குடும்பத்தைச் சார்ந்தவை. மூளையின் பரபரப்பைத் தணிக்கும் ‘காபா’ என்னும் வேதிப்பொருளின் செயலை இவை மிகுவிக்கின்றன. பொதுவாக மருத்துவத்திற்குச் சற்றுமுன் மருத்துவர் குறித்த நேரத்தில் உட்கொண்டால், நோயாளி விழித்திருப்பார். ‘வாயைத் திறங்கள்’ என்றால் திறப்பார். ஆனால் நெஞ்சு படபடக்காது. பின்னர் நடந்தவற்றில் பல நினைவில் நில்லாமலும் போகலாம். இம்மாத்திரை வலியை நீக்குவதில்லை. மரத்துப்போகும் ஊசி அப்போதும் வேண்டும். அவ்வூசியை ஏற்கும் மனநிலையைத் தருவதே இதன் பணி.

இனி, எச்சரிக்கை. எஞ்சிய பல்லை எடுக்க நாள் குறித்தபோது நம் மாமி, ‘எனக்குக் குடுத்த தூக்க மாத்திரையில ரெண்டை முழுங்கிட்டுப் போங்க தம்பி’ என்று அன்போடு நீட்டினார்கள். அவ்வன்பில் ஆபத்து இருந்தது. மருத்துவரோ முதலில் கேள்விகளையே கேட்டார். உறக்கத்தில் குறட்டையும் மூச்சுத் தடையும் உண்டா? வேறென்ன மருந்துகள் உட்கொள்கிறீர்கள்? உடன் வருபவர் யார்? இவற்றுக்கெல்லாம் விடை பெற்ற பின்னரே அளவறிந்து மருந்து தந்தார். விரல் நுனியில் உயிர்வளி அளவு காட்டும் கருவியைப் பொருத்தினார். வாய்வழி மருந்து ஒவ்வோர் உடலிலும் ஒவ்வொரு விரைவில் ஏறும். விழுங்கியதைத் திரும்பப் பெற இயலாது. ‘இன்னும் ஏறவில்லையே’ என்று மற்றொன்றை விழுங்குதல் மூச்சையே தளர்த்திவிடக்கூடும். மதுவோடும் வலிதணிக்கும் அபின் வகை மருந்துகளோடும் சேர்ந்தால் தீங்கு பன்மடங்காகும். கருவுற்றோர், முதியோர், நுரையீரல் நோயுற்றோர், சிறார் ஆகியோர்க்குத் தனிக் கவனம் வேண்டும். மருந்துண்டவர் தனியே வீடு திரும்புதலோ, மறுநாள்வரை வாகனம் ஓட்டுதலோ கூடாது.

‘இது போதைப் பொருளன்றோ?’ எனப் பெரியோர் சிலர் வினவுவர். நியாயமான வினாவே. நாள்தோறும் உண்டால் இவை பழக்கத்திற்கு அடிமையாக்கும்; ஆதலினாலேயே மருத்துவர் சீட்டின்றி விற்றலைச் சட்டம் தடுக்கிறது. ஆயின், நாள்தோறும் நாடும் பழக்கமும், தகுதியுடையார் கண்காணிப்பில் ஒருமுறை உண்ணும் மருந்தும் ஒன்றாகா.

அஞ்சுவோர் அனைவர்க்கும் மாத்திரை தேவை என்பதும் நம் கருத்தன்று. பெரும்பாலோர்க்கு ஒரு சொல்லே போதும். ‘வலித்தால் கையை உயர்த்துங்கள், உடனே நிறுத்துகிறேன்’ என்னும் உறுதிமொழி பல அச்சங்களைத் தணிக்கும். 1969இல் நார்மன் கோரா என்பவர் நான்கே வினாக்களால் பல் மருத்துவ அச்சத்தை அளக்கும் முறையொன்றை வகுத்தார். நான்கு முதல் இருபது வரை மதிப்பெண். பதினைந்தும் அதற்கு மேலும் கடும் அச்சம். இதற்குக் கருவி வேண்டா, செலவும் இல்லை. நம் ஊர்ப் பல் மருத்துவமனைகளில் பெயரும் வயதும் கேட்கும்போதே ‘அச்சம் உண்டா?’ என்று கேட்டல் ஆகாதா? சொல்லால் தணியாத அச்சத்திற்கு மருந்தும் உண்டு என்பதை, அதற்குரிய பயிற்சியும் கருவியும் உடைய மருத்துவர் எடுத்துரைத்தல் ஆகாதா?

பெற்றோர்க்கும் ஒரு வேண்டுகோள். ‘ஊசி போடச் சொல்வேன்’ என்று குழந்தைகளை மிரட்டாதீர்கள். மாணவச் செல்வங்களே, அஞ்சுவதில் இழுக்கில்லை. அஞ்சுகிறோம் என்பதை மருத்துவரிடம் மறைப்பதில்தான் இழப்பு உண்டு.

எழுத்துகள் பிறக்கும் இடங்களுள் பல்லையும் ஒன்றாக வைத்தார் தொல்காப்பியர். தகரமும் நகரமும் பல்லின் அடியை நா பொருந்தப் பிறப்பவை. பல் போனால் சொல் போச்சு என்பது பழமொழி. மூன்று பற்களை இழந்தபின் அப்பழமொழியின் பொருளை நாம் வகுப்பறையில் நாள்தோறும் உணர்கிறோம். நம் மாணவர்கள் அதனை ஏட்டில் மட்டும் படிப்பார்களாக.